மண்டோர் கூப்பிடும் முன்

பகாவ்
20 ஏப்ரல் 2020

அன்புள்ள மாதவி டீச்சர்,

வணக்கம். இந்தக் கடிதம் சித்திக்கின் மளிகை வேனில், பயிற்சித் தாள் கட்டோடு வருகிறது. நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து உங்கள் தோட்டத்துக்குள் போய்வர அவர் ஒருவருக்குத்தான் அனுமதி. கட்டை அரை நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பிரிக்கச் சொல்லி என் மனைவி சொல்லச் சொன்னாள். நானும் ஒருமுறை காயவைத்துத்தான் அனுப்புகிறேன். தாள்கள் அப்பளம் போல் வந்து சேர்ந்தால் அதுதான் காரணம்.

பள்ளி மூடிக் கிடக்கிறது, ஆனால் பள்ளி வேலை கூடிவிட்டது. எத்தனை விழுக்காடு பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கிறார்கள் என்று மேலிடம் தினமும் கேட்கிறது. பகாவ் பிள்ளைகள் கைப்பேசியில் முகத்தைக் காட்டுகிறார்கள், இல்லையென்றால் மின்விசிறியைக் காட்டுகிறார்கள். நாமும் வருகை என்று போட்டுவிடுகிறோம். உங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு நேரே மட்டும் சைபர். நேற்று ஓர் அதிகாரி அழைத்து, அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அப்படியானால் ஏன் வரவில்லை என்றார். பள்ளி மூடியிருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

பள்ளி நகரத்துக்கு மாறிய பிறகும் நீங்கள் தோட்டத்து ஆசிரியர் வீட்டை விடாமல், பிள்ளைகளோடு பள்ளி வேனிலேயே வந்துபோனது எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது அது என் நல்ல நேரம். தண்ணீர்த் தொட்டி மேட்டில் கைப்பேசிக்கு லைன் கிடைக்கும் என்கிறார்கள். தினமும் ஏறி அறிக்கை அனுப்புங்கள். பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்ட வேண்டாம்.

ஆறாம் ஆண்டுத் தேர்வை இந்த வருடம் ரத்து செய்துவிட்டார்கள். ஆறாம் ஆண்டில் அங்கே ரோகினி ஒருத்திதான். அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் அப்பா சன்னாசியிடம் இன்னும் பக்குவமாக. பரீட்சையே இல்லையென்றால் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்கக்கூடிய மனிதர்.

அன்புடன்,
ஹேமநாதன்
தலைமையாசிரியர்

*

தோட்டம்
27 ஏப்ரல் 2020

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அப்பளம் வந்து சேர்ந்தது. வெயிலில் வைத்தேன், ஒரு கோழி வந்து நான்காம் ஆண்டு அறிவியலைக் கிளறிவிட்டுப் போனது. மற்றபடி சேதமில்லை.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினேன். உங்கள் அறிக்கை போகும்வரை நின்றேன், இறங்கும்போது கணுக்காலில் அட்டை. அது பெரிதில்லை. பிள்ளைகளை அங்கே ஏற்ற முடியாது, ஏற்றினாலும் போன் இல்லை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் விடிந்ததும் அப்பா சட்டைப்பையில் செம்பனைக் காட்டுக்குப் போய்விடும். படம் எடுத்து அனுப்பு, காணொளி போடு என்று மேலிடம் யாரைக் கேட்கிறது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

ஆகவே ஒரு வேலை செய்திருக்கிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

இந்தத் தோட்டத்தில் ஆட்கள் கூட இப்போது அனுமதியுள்ள இடம் ஒன்றே ஒன்றுதான், பெரட்டுக் களம். பள்ளியை மூடலாம், கோயிலை மூடலாம், பழுத்த செம்பனைப் பழத்தை மூட முடியாதல்லவா. விடியுமுன் தொழிலாளிகள் வந்து வரிசையில் நிற்க, வேலை மேற்பார்க்கும் மண்டோர்கள் அவரவர் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறார்கள். நெற்றியில் வெப்பம் பார்க்கிறார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, முகக்கவசத்தோடு இடைவெளி விட்டு நிற்கிறார்கள். நம் பள்ளிச் சபைக் கூடலைவிட ஒழுங்கு. போன வாரம் முதல் பிள்ளைகளும் அவரவர் அப்பா அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறார்கள். மண்டோர் வீரமுத்து தன் ஆட்களைக் கூப்பிட்டு முடித்ததும் ஒலிபெருக்கியை என்னிடம் தருகிறார். நான் பிள்ளைகள் பெயரைக் கூப்பிட்டு, பாடத்தைச் சொல்லி, தாளைக் கொடுத்து, முந்தின நாள் தாளை வாங்கிக்கொள்கிறேன். வேலைக்கு லோரி வருவதற்குள் முடிந்துவிடுகிறது. ஒன்பது பேரும் வருகை. சைபரை அழித்துவிடுங்கள்.

பெரட்டின் சட்டதிட்டம் நமக்குக்கூட இல்லை. முந்தாநாள் முனியாண்டி தூக்கக் கலக்கத்தில் மருந்தடிக்கும் ஆட்களின் மண்டோர் வரிசையில் போய் நின்று, ‘இருக்கேன்’ என்று சொல்லிவிட்டார். அவர் வீரமுத்துவின் ஆள், பழம் வெட்டுகிறவர். அவர் இல்லாமல் வீரமுத்துவுக்கு அன்று வேலை ஓடாது. இருந்தும் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். “பேரு குடுத்தாச்சுன்னா அன்னிக்கு அவன் அந்த மண்டோர் ஆளு. நான் கூப்புட்டா தப்பு லா டீச்சர்” என்றார். முனியாண்டி நாள் முழுக்க மருந்தடித்துவிட்டுத் தும்மிக்கொண்டே வந்தார்.

சித்திக் பாய் நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருக்கிறார். முடிக்கிறேன்.

இப்படிக்கு,
மாதவி

*

பகாவ்
4 மே 2020

அன்புள்ள மாதவி டீச்சர்,

நிறுத்திவிடுங்கள்.

அதிகாரபூர்வமான காரணம் உங்களுக்கே தெரியும். வகுப்பு எங்கும் நடக்கக் கூடாது என்பது சுற்றறிக்கை. களத்தில் கோடு போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் போதும், மேலிடத்துக்குப் போதாது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் செம்பனையைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், உங்களைச் சொல்வார்கள்.

இன்னொரு காரணம் சுற்றறிக்கையில் இல்லை. நான் கெமாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். என் அக்கா தனலெட்சுமி ஆறாம் ஆண்டு படிக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள், ஒரே ஒருநாள், அம்மாவுக்குப் பதிலாகப் பெரட்டில் போய் நின்றாள். கை சுறுசுறுப்பு என்று மண்டோர் பாராட்டினார். மறுநாள் அவள் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். நேற்று நின்ற பிள்ளை இன்றைக்கு ஏன் நிற்கவில்லை என்று அவர் கேட்டபோது அம்மாவிடம் பதில் இல்லை. அக்கா வயதாகி ஓய்வு பெறும்வரை அந்த வரிசையில்தான் நின்றாள். நான் வாத்தியாரானேன். அதன்பிறகு எந்தப் பெரட்டுக் களத்திலும் நான் கால் வைத்ததில்லை.

கணக்கு, மொழி, அறிவியல் என்று நாம் என்ன சொல்லிக்கொடுத்தாலும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நம் பள்ளி சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். அந்த வரிசையில் நிற்காதே என்பது. நீங்கள் அதே வரிசையில் அவர்களை நிறுத்தி வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

தாள்களை வீடு வீடாகக் கொடுத்தால் போதும். சைபர் இருந்துவிட்டுப் போகட்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹேமநாதன்

*

தோட்டம்
11 மே 2020

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் அக்காவைப் பற்றிப் படித்தபோது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தப் போவதில்லை.

காலம் மாறிவிட்டது, ஐயா. இன்று களத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் இந்தோனேசியர். நம் ஆட்கள் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிற காலம் போயே போய்விட்டது. தாள்களை வீட்டில் போட்டுப் பார்த்தேன், போட்ட இடத்திலேயே கிடந்தன. ஒருவர் மீன் சுற்றிவிட்டார். களத்தில் என்றால் பெற்றோர் பார்க்கிறார்கள், பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள். செய்யாமல் வர முடியாது. சன்னாசி அண்ணன் காட்டில் பழம் வெட்டிக்கொண்டே எட்டாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்க்கிறாராம், ரோகினி மாலையில் கேள்வி கேட்பாள் என்று. எட்டேழு அவருக்கு இன்னும் வரவில்லை.

இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும் என்கிறார்கள் மேலிடத்தார்? ஒரே வேலைக்கு மூன்று அறிக்கை கேட்கிறார்கள். பகாவிலிருந்து ஒரு பெற்றோர், டீச்சர் காணொளியில் சிரிப்பதே இல்லை என்று புகார் எழுதியிருக்கிறார். நான் தொட்டி மேட்டில் அட்டையை உதறிக்கொண்டு பேசினேன், எப்படிச் சிரிப்பது? இந்தத் தொழிலில் இந்த வருடம் எனக்குப் பிடித்திருப்பது காலையில் களத்தில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். அதை என்னிடமிருந்து பிடுங்காதீர்கள்.

மாதவி

*

பகாவ்
3 ஜூன் 2020

அன்புள்ள மாதவி டீச்சர்,

நீங்கள் பிரபலமாகிவிட்டீர்கள். தொட்டி மேட்டில் இன்னும் ஏறவில்லையென்றால் உங்களுக்கு இது செய்தியாக இருக்கும்.

நோன்புப் பெருநாளுக்கு முன்பு யாரோ களத்தில் உங்களைப் படம் பிடித்து முகநூலில் போட்டிருக்கிறார்கள். கையில் ஒலிபெருக்கி, எதிரே பிள்ளைகள், பின்னால் செம்பனை. நாடெங்கும் பகிர்ந்திருக்கிறார்கள். இந்த டீச்சரைப் போல் பத்துப் பேர் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து மதியம் ஒரு வாழ்த்து வந்தது. மாலையில் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து. இரண்டையும் இத்துடன் அனுப்புகிறேன்.

எனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அனுமதி கொடுத்தீர்களா என்றார்கள். தடுத்தேன், டீச்சர் கேட்கவில்லை என்றேன். உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கெடுதல் என்பதை அதன்பிறகுதான் கண்டுகொண்டேன். உங்களுக்கு இடமாற்றம் வரலாம். எனக்கு ஓய்வு பெறும் நேரத்தில் ஒரு கருப்புப் புள்ளி.

இங்கே நிலைமை ஒன்றும் மெச்சும்படி இல்லை. ஹசீனா பேகம் டீச்சர் இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சத்தமில்லாத இடம் அது ஒன்றுதான் என்று குளியலறையில் உட்கார்ந்து பாடம் பதிவு செய்கிறார். குரல் எதிரொலிக்கிறது என்று அவருக்கும் புகார்.

இப்போது கேட்டுக்கொள்ளவில்லை, உத்தரவு. களத்து வகுப்பு இன்றோடு முடிந்தது. பதில் எழுதி அனுப்புங்கள். சுருக்கமாக எழுதுங்கள். கிண்டல் வேண்டாம்.

ஹேமநாதன்

*

தோட்டம்
22 ஜூன் 2020

மதிப்பிற்குரிய ஐயா,

பதிலை அன்றே அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியவில்லை, அதனால் பள்ளி பிள்ளைகள் இருந்த இடத்துக்குப் போனது என்று எழுதினேன். அவ்வளவுதான். கிண்டல் இல்லை.

வகுப்பையும் அன்றே நிறுத்தினேன். தாள்களை வீடு வீடாகக் கொடுக்கிறேன். களத்துப் பக்கம் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

பழக்கத்தில் பிள்ளைகள் சில நாள் பெரட்டுக்கு வந்து நின்றிருக்கிறார்கள். டீச்சர் வரவில்லை என்று தெரிந்ததும் சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ரோகினி மட்டும் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். விடுப்பில் ஊருக்குப் போன இந்தோனேசியர்கள் எல்லை மூடியதால் திரும்பவில்லை. உதிரிப் பழம் பொறுக்க ஆள் இல்லை, மரத்தடியில் கிடந்து அழுகுகிறது. வீரமுத்து ஒருநாள் ஒரு சாக்கை அவள் கையில் கொடுத்து, அப்பாவோடு போய்ப் பொறுக்கிவிட்டு வா என்றிருக்கிறார். மறுநாள் அவள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். இருக்கேன் என்றிருக்கிறாள்.

எனக்கு இது தெரிந்தது போன வாரம்தான். கொடுத்த தாள்கள் வெறுமையாகத் திரும்பி வந்தன, போய் விசாரித்தேன். சன்னாசி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். பரீட்சையும் இல்லை, பள்ளி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை, சும்மாதானே இருக்கிறாள் என்றார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எப்படி அண்ணே அந்த வரிசையில் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

“நீங்கதானே டீச்சர் மொதல்ல அங்க நிப்பாட்டுனீங்க” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்துப் படிக்கவில்லை. எடுக்காமலே ஒவ்வொரு வரியும் நினைவுக்கு வந்தது.

என்ன செய்யட்டும்?

மாதவி

*

பகாவ்
4 ஜூலை 2020

அன்புள்ள மாதவி டீச்சர்,

அப்போதே சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசையில்லை. உங்கள் பாடம் நல்ல பாடம். களத்தை விட்டு வரச் சொல்லி உத்தரவு போட்டவனும் நான்தான். நீங்கள் அங்கே நின்றிருந்தால் அவள் கைக்குத் தாள் வந்திருக்கும், சாக்கு வந்திருக்காது.

தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் மண்டோருக்கு ஒன்றும் ஆகாது, சன்னாசிக்குத்தான் ஆகும். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அந்தக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டு ரோகினியை எந்த வகுப்பில் உட்காரவைப்பது?

15 ஜூலை அன்று ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளுக்குப் பள்ளி திறக்கிறோம். உங்கள் மூன்றாம் ஆண்டுக்கு ஒரு வாரம் கழித்துத்தான். நீங்கள் அதுவரை தோட்டத்திலேயே இருங்கள்.

எனக்குச் சில விவரம் வேண்டும். வீரமுத்து எத்தனை மணிக்குப் பெயர் கூப்பிடத் தொடங்குகிறார்? பள்ளி வேன் களத்து வழியாகத்தானே வந்து திரும்பும்? முனியாண்டிக்குச் சொன்ன அந்தச் சட்டத்தை வீரமுத்து இன்னும் கடைப்பிடிக்கிறாரா? கெமாஸில் எங்கள் மண்டோர்களும் அப்படித்தான் இருந்தார்கள். யார் தலை போனாலும், வேறொருவரிடம் பெயர் கொடுத்த ஆளைக் கூப்பிட மாட்டார்கள்.

ஹேமநாதன்

*

தோட்டம்
8 ஜூலை 2020

ஐயா,

ஆறு மணிக்குத் தொடங்குகிறார். வேன் களத்து ஓரமாகத்தான் நிற்கும். சட்டம் அப்படியே இருக்கிறது, முனியாண்டியைக் கேட்டுவிட்டேன். இப்போதும் தும்முகிறார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. எந்தக் களத்திலும் கால் வைத்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

ரோகினியின் பள்ளி உடுப்பை அவள் அம்மாவிடம் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். தேய்த்து வைத்திருக்கிறேன்.

மாதவி

*

தோட்டம்
15 ஜூலை 2020, மாலை

மதிப்பிற்குரிய ஐயா,

சித்திக் பாயின் வேன் இன்னும் கொஞ்ச நேரத்தில் பகாவுக்குத் திரும்பும், அதற்குள் எழுதுகிறேன். முகக்கவசத்தால் உங்கள் கண்ணாடி முழுக்க ஆவி. காலையில் நடந்ததில் பாதியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் பள்ளி வேனிலிருந்து இறங்கி, வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டுக்கு வந்தபோது களமே திரும்பிப் பார்த்தது. கோட்டுக்கு முன்னால் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தீர்கள். அதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. வீரமுத்து அப்போதுதான் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டு, “ரோகினி சன்னாசி” என்றீர்கள்.

அவள் கையில் சாக்கு, காலில் பூட்ஸ். யோசித்திருந்தால் பேசாமல் இருந்திருப்பாள். இத்தனை மாதம் அந்தக் களத்தில் பெயரைக் கேட்டதும் பதில் சொல்லிப் பழகிவிட்டாள். “இருக்கேன் சார்” என்றாள். சொன்ன பிறகுதான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வீரமுத்து தன் ஆட்களைக் கூப்பிட்டார். சன்னாசி என்றார். அடுத்து அவள் பெயர். வாயைத் திறந்தார், மூடினார். உங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஒருவர், பிள்ளையைக் கூப்பிடு மண்டோரே, பழம் கிடக்குது என்று சொன்னார். “அது பேரு குடுத்திருச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நீங்கள் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அவள் சாக்கை மடித்து அப்பா காலடியில் வைத்துவிட்டு, பூட்ஸோடு வேனில் ஏறினாள். உடுப்பு இருந்த பையை நான் ஜன்னல் வழியாகப் போட்டேன்.

வீரமுத்துமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் சட்டத்தை மீறவில்லை, அதையும் எழுத வேண்டும்.

நான் முக்கியமாக எழுத வந்தது வேறு. வேலை முடிந்து சன்னாசி அண்ணன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பெரிய வாத்தியாரு நாளைக்கும் வருவாரா டீச்சர்?” என்றார். ஏன் என்று கேட்டேன். “அவரு முன்னுக்கே கூப்பிட்டுட்டா, நான் மண்டோருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல.”

எத்தனை நாளாக இந்த மனிதர் இதற்குக் காத்திருந்தாரோ தெரியவில்லை. மகளை அனுப்ப மாட்டேன் என்று மண்டோரிடம் சொல்ல அவரால் முடியவில்லை, முடியவில்லை என்று என்னிடமும் சொல்ல முடியவில்லை. போகும்போது திரும்பி, எட்டேழு ஐம்பத்தாறு என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு நான் அழுதேன்.

நாளைக்கும் வாருங்கள்.

மாதவி

*

பகாவ்
18 ஜூலை 2020

அன்புள்ள மாதவி டீச்சர்,

நேற்றும் முந்தாநாளும் நான் வந்ததை நீங்களே பார்த்தீர்கள். இன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை, பெரட்டு உண்டு. அதை நினைத்துத்தான் கூடுதல் வகுப்பு என்று ஒன்றை ஏற்படுத்தினேன். மாணவர் எண்ணிக்கை மூன்று. மூன்று பேரும் வருகை. ஆண்டு முடியும்வரை சனிக்கிழமைகளில் கூடுதல் வகுப்பு நடக்கும் என்று சன்னாசியிடம் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமையானாலும் மற்ற நாளைப்போல் ஆறுக்கு முன்பே களத்தில் இருப்பேன். கோட்டுக்கு முன்னால் இப்போது நிற்பதில்லை.

நேற்று அக்காவோடு தொலைபேசியில் பேசினேன். களத்துக்குப் போனேன் என்றேன். எதற்கு என்று கேட்டாள். பெயர் கூப்பிட என்றேன். எத்தனை மணிக்கு என்றாள், ஆறுக்கு முன்பு என்றேன். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

இன்னொரு செய்தி. பள்ளி வளாகத்துக்கு வெளியே, பள்ளி நேரத்துக்கு முன்னால், பெரட்டுக் களத்தில் நின்று வருகை எடுத்ததற்குக் காரணம் கேட்டு மேலிடம் எனக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. அதே கையெழுத்து. நீங்கள் எழுதிய பதிலுக்கு நகல் இருந்தால் சித்திக்கிடம் கொடுத்தனுப்புங்கள், பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

ஹேமநாதன்